இஸ்ரேலில் புது வேலை, புதுக் குடித்தனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நெல்லைச் சீமையிலிருந்து இஸ்ரேலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆராய்ச்சி, மென்பொருள், முதியோர் பராமரிப்பு என்று வேலைகள் பலவிதம். எல்லாக் கடிதங்களிலும் இருக்கும் கவலை ஒன்றுதான்: குடும்பத்தை அழைத்துப்போக முடியுமா, முடியுமென்றால் எப்போது?

"என் வீட்டுக்காரருக்கு ரெஹோவோத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. ஜூலை கடைசியில் வந்து சேரச் சொல்லுதாவ. மூத்தவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு ரெண்டு. எல்லாரும் ஒண்ணாக் கிளம்பிரலாமா, இல்ல அவுக முன்னால போகட்டுமா?"
- வாசகி, பாளையங்கோட்டை

அவர் முன்னால் போகட்டும், சகோதரி. நீங்களும் பிள்ளைகளும் நான்கு வாரம் கழித்து, ஆகஸ்ட் 25-க்குள் போய்ச் சேரும்படி பயணச்சீட்டு எடுங்கள்.

தேதியைக் குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இஸ்ரேலில் பள்ளிகள் செப்டம்பர் 1-ல் திறக்கின்றன. அதை ஒட்டி யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, நோன்பு நாளான யோம் கிப்பூர், கூடாரப் பண்டிகையான சுக்கோத் என்று மூன்று வாரம் போல விழாக்காலம். சந்திரனை ஒட்டிய நாட்காட்டி என்பதால் ஒரு வருடம் செப்டம்பர் தொடக்கத்தில் வரும், இன்னொரு வருடம் அக்டோபர் கடைசி வரை போகும். அந்த நாட்களில் வங்கியில் கேட்டாலும் நகராட்சியில் கேட்டாலும் "அஹரே ஹஹகிம்" என்றுதான் பதில் வரும். "பண்டிகை கழியட்டும்" என்று பொருள். குலசேகரன்பட்டினம் தசரா நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் ஒரு கொத்தனாரைப் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போலத்தான். வீடு, வங்கிக் கணக்கு, பள்ளி மூன்றும் ஆகஸ்டில் முடிந்துவிட்டால் நிம்மதி. செப்டம்பர் நடுவில் போய் இறங்குகிறவர்கள் நவம்பர் வரை அலைய வேண்டியிருக்கும்.

அந்த நான்கு வாரத்தில் அவர் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நிறுவனத்தில் சேர்ந்து, பெயர், பாஸ்போர்ட் எண், காலம், மாதத் தொகை எல்லாம் உள்ள கடிதம் வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு. கணக்கு இருந்தால்தான் காசோலை, காசோலை இருந்தால்தான் வாடகை வீடு. வீட்டு ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் நகராட்சி பள்ளியைச் சொல்லும். இந்தச் சங்கிலியில் எதையும் முன்பின் மாற்ற முடியாது. அதனால் முதல் மாதம் தங்க விருந்தினர் விடுதியோ தற்காலிகக் குடியிருப்போ கிடைக்குமா என்று நிறுவனத்திடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு தற்காலிக அறையில் இருந்து வீடு தேடுவது பெரும்பாடு. அதைத் தவிர்க்கத்தான் உங்களைப் பின்னால் போகச் சொல்கிறோம்.

விசா விஷயம். ஆராய்ச்சிக்கோ படிப்புக்கோ போகிறவருக்கு ஏ/2 விசா. கூடப் போகும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏ/4. நிபுணராக நிறுவன வேலைக்குப் போகிறவருக்கு பி/1, அவர் குடும்பத்துக்கு பி/2. ஏ/4, பி/2 இரண்டிலுமே தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்கக் கூடாது. உயர்தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான திட்டத்தில் துணைக்கும் வேலை அனுமதி கேட்க வழி உண்டு. உங்கள் வீட்டில் வருவது ஆராய்ச்சி உதவித்தொகை என்பதால், முதல் வருடத்தை ஒரே வருமானத்தில் ஓட்டுவதாகவே கணக்குப் போடுங்கள். சின்னவனுக்கு மூன்று வயது ஆகும் வரை அங்கே இலவசக் காப்பகமும் இல்லை.

தென்னிந்தியாவுக்கான இஸ்ரேல் துணைத் தூதரகம் பெங்களூரில் இருக்கிறது. நாகர்கோவில் - பெங்களூரு ரயில் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. ஆனால் ஒரு காகிதத்துக்காக இரண்டாம் முறை போக நேர்ந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். பெரும்பாலும் மூன்று இடத்தில் சிக்குகிறது.

ஒன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரித்து எழுதியிருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றில் வெறும் இனிஷியல் இருக்கும். திருமணச் சான்றில் வேறொரு எழுத்துக்கூட்டல். நமக்கு மூன்றும் ஒரே ஆள். ஆவணத்தைப் பார்க்கிற வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரே இல்லாத சான்றுகள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன.

இரண்டு, திருமணப் பதிவு. கோயில் ரசீது, திருச்சபைச் சான்று, ஜமாஅத் பதிவேடு எதுவானாலும் அது மட்டும் போதாது. அரசுப் பதிவுச் சான்று வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு முதலில் போங்கள்.

மூன்று, அப்போஸ்டில். இந்தியா 2005-ல் சேர்ந்த ஹேக் உடன்படிக்கையின்படி வெளியுறவு அமைச்சகம் தரும் சான்றொப்பம் இது. இஸ்ரேலும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும், பிறகுதான் அமைச்சகம். நம்மில் பலர் சான்றிதழைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். முத்திரை காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும் என்பதால் லேமினேட் செய்தது செல்லாது. புது நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பு, திருமணச் சான்றுகள், அவருடைய பட்டச் சான்று எல்லாவற்றுக்கும் ஒரே தடவையில் அப்போஸ்டில் வாங்கிவிடுவது நல்லது.

"நான் நர்சிங் முடிச்சவ. வயசானவங்களை வீட்டோட இருந்து பார்க்குற வேலைக்கு இஸ்ரேல் அனுப்புதேன்னு ஏஜென்ட் நாலு லட்சம் கேக்கார். ஒரு வருஷத்தில் வீட்டுக்காரரையும் மகனையும் கூப்பிட்டுக்கலாம்னும் சொல்லுதார். நம்பலாமா?"
- வாசகி, நாசரேத்

நம்பாதீர்கள். பராமரிப்பு, கட்டுமானம், விவசாயம் ஆகிய வேலைகளுக்குப் போகிறவர்கள் கணவரையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ள இஸ்ரேல் அனுமதிப்பதில்லை. ஒரு வருடம் கழித்தும் இல்லை, ஐந்து வருடம் கழித்தும் இல்லை. பராமரிப்பு வேலையின் பொதுவான உச்சவரம்பு 63 மாதம். பார்த்துக்கொள்ளும் அதே முதியவருக்காக மட்டும் நீட்டிப்பு கேட்க முடியும். தனியாக ஐந்து வருடம் இருக்க மனமும் வீட்டுச் சூழலும் இடம் கொடுக்குமா என்பதை வைத்து மட்டும் முடிவெடுங்கள். மகனைப் பின்னால் அழைத்துக்கொள்வோம் என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பணம் பற்றி. இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான். நாலு லட்சம் என்று வாயைத் திறந்தவரிடம் மேலே பேச வேண்டியதில்லை. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவிலிருந்து 42,000 பேரை, அதில் 34,000 பேரைக் கட்டுமானத்துக்கும் 8,000 பேரைப் பராமரிப்புக்கும் எடுத்துக்கொள்ள 2023 மே மாதம் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்தன. அந்த வழியில் அறிவிப்பு வந்தால் போவது பாதுகாப்பு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வையுங்கள். அங்கே போன பிறகு சம்பளத்திலோ விடுப்பிலோ சிக்கல் வந்தால், தெல் அவீவில் உள்ள காவ் லஓவேத் என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு வெளிநாட்டுப் பணியாளர்களுக்கு உதவுகிறது.

"ஹைஃபாவில் வேலை. கம்பெனி முதல் மாசம் மட்டும் தங்க இடம் தருது. 'மூணு ரூம் வீடு'ன்னு விளம்பரத்தில் பார்த்து, மூணு படுக்கையறைன்னு நினைச்சேன், அது இல்லையாம். வாடகை வீடு பிடிக்க என்னவெல்லாம் தெரிஞ்சிருக்கணும்?"
- வாசகர், தென்காசி

அங்கே கூடத்தையும் ஓர் அறையாகவே எண்ணுவார்கள். மூன்று அறை என்றால் கூடமும் இரண்டு படுக்கையறையும். நான்கு பேர் குடும்பத்துக்கு மூன்று அறை போதும், நான்கு அறை வசதி. பெரும்பாலோர் தேடுவது யாட்2 என்ற விளம்பரத் தளத்தில். எல்லாம் எபிரேயம்தான், மொழிபெயர்ப்புச் செயலியோடு உட்காருங்கள்.

விளம்பரத்தில் இருக்கும் வாடகையோடு செலவு முடியாது. அர்னோனா என்ற நகராட்சி வரியைக் குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். வீட்டின் சதுர மீட்டரையும் பகுதியையும் பொறுத்த தொகை அது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். நம் ஊரில் வீட்டு வரி உரிமையாளர் பாடு என்பதால் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் ரசீது வந்ததும் திகைத்துப்போகிறார்கள். அடுத்து வஆத் பயித். மாடிப்படி விளக்கு, துப்புரவு, லிஃப்ட் ஆகியவற்றுக்கான மாதச் சந்தா. தண்ணீர், மின்சாரம், காஸ் தனித்தனி. "வாடகை, அர்னோனா, வஆத் மூன்றும் சேர்த்து எவ்வளவு?" என்று முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேளுங்கள்.

வாடகையைப் பெரும்பாலும் பின்தேதியிட்ட 12 காசோலைகளாக முன்கூட்டியே கேட்பார்கள். ஒரு வருடத்தில் பத்துக் காசோலை திரும்பினால் சட்டப்படி கணக்கே முடக்கப்படும் என்பதால், சம்பளம் வரும் தேதிக்குப் பிந்தைய தேதியாகப் போடுங்கள். சம்பளம் பெரும்பாலும் மாதத்தின் முதல் ஒன்பது நாளுக்குள் வரும். எனவே காசோலைக்கு 10-ம் தேதி பொருத்தம். 1-ம் தேதி என்று உரிமையாளர் எழுதச் சொன்னால் பேசி மாற்றுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

அட்வான்சுக்கு வரம்பு இருக்கிறது. 2017-ல் திருத்திய வாடகைச் சட்டப்படி, ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வாங்கும் தொகை மூன்று மாத வாடகை, அல்லது ஒப்பந்தக் காலத்தின் மொத்த வாடகையில் மூன்றில் ஒரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒரு வருட ஒப்பந்தம் என்றால் மூன்று மாதம். உரிமையாளர் அமர்த்திய புரோக்கருக்கு நீங்கள் கூலி தர வேண்டியதில்லை என்பதும் அதே சட்டம்தான். நீங்களே அமர்த்திய புரோக்கர் என்றால் வழக்கமாக ஒரு மாத வாடகையும் அதற்குரிய வரியும் கேட்பார். வீட்டில் பழுது என்றால் சொன்ன 30 நாளுக்குள் உரிமையாளர் சரிசெய்ய வேண்டும், குடியிருக்கவே முடியாத அவசரப் பழுது என்றால் 3 நாளுக்குள். பழுதை வாயால் மட்டும் சொல்லாமல் வாட்ஸப்பிலும் எழுதி அனுப்புங்கள். எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

புதிதாகப் போகிறவரைத் தடுக்கும் பெரிய சுவர் அரேவ், அதாவது ஜாமீன்தாரர். உள்ளூர்ச் சம்பளக்காரர் இருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்? இதற்குக் கம்பெனியிடம்தான் போக வேண்டும். நிறுவனக் கடிதமோ வங்கி உத்தரவாதமோ தந்து உதவுவீர்களா என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எச்.ஆரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தில் ஆயிரம் ஷெக்கேல் கூடக் கேட்பதைவிட இது முதல் மாதத்தில் பெரிய உதவி.

வீடு பார்க்கும்போது மமத் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெட்டியான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, இரும்பு ஜன்னல் மூடியோடு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை அது. வளைகுடாப் போருக்குப் பிறகு, 1992 முதல் கட்டும் வீடுகளில் கட்டாயமாக்கினார்கள். பழைய கட்டடங்களில் கீழ்த்தளத்தில் மிக்லத் என்ற பொதுப் பதுங்கிடம் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மமத் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வாடகை கூடினாலும், அறை சிறிதானாலும் அதை விடாதீர்கள். அதையே பிள்ளைகள் படுக்கும் அறையாக வைத்துக்கொண்டால், ராத்திரி சைரன் ஒலிக்கும்போது தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்க வேண்டாம். கதவும் ஜன்னலும் கடைசி வரை மூடுகின்றனவா என்று கையால் மூடிப் பாருங்கள். பழைய சாமான் போட்டு அடைத்து வைத்திருந்தால் காலி செய்து தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஈரம். குளிர்காலத்தில்தான் அங்கே மழை. வெளிச்சுவர் மூலைகளில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் அலமாரிக்குப் பின்னாலும் கழிவறைக் கூரையிலும் தடவிப் பாருங்கள். வெந்நீருக்கு மொட்டைமாடியில் சூரியக் கொதிகலன் இருக்கும். மேகமூட்டமான நாளில் மட்டும் மின்சார ஸ்விட்சைக் கொஞ்ச நேரம் போட வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் பில் ஏறும்.

"பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க நம்ம விசா தடையா இருக்குமா? எபிரேயம் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? மூத்தவன் எட்டாம் வகுப்பு, இளையவள் யு.கே.ஜி."
- வாசகர், அம்பாசமுத்திரம்

விசா தடையில்லை. மூன்று வயது முதல் கட்டாய இலவசக் கல்வி, அங்கே வசிக்கும் வெளிநாட்டார் பிள்ளைகளுக்கும் உண்டு. நகராட்சியின் கல்விப் பிரிவுக்கு பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு போக வேண்டும். முகவரியைப் பொறுத்துத்தான் பள்ளி. எனவே பள்ளியை விசாரித்துவிட்டு அந்தத் தெருவில் வீடு தேடுவது புத்திசாலித்தனம். நம் ஆரம்ப சுகாதார நிலைய அட்டையில் தடுப்பூசிப் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். மருத்துவரிடம் சொல்லி முழுப்பெயர், தேதியோடு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்குங்கள். அங்குள்ள அட்டவணையில் ஹெபடைடிஸ் ஏ, சின்னம்மை ஊசிகளும் உண்டு. தாய்சேய் நலத்துக்கு என்றே திப்பத் ஹலவ் என்ற நிலையங்கள் இருக்கின்றன, விடுபட்டதை அங்கே போடலாம்.

இளையவளைப் பற்றிக் கவலை வேண்டாம். மழலையர் பள்ளியில் விளையாட்டோடு விளையாட்டாகச் சில மாதத்தில் பேசத் தொடங்கிவிடுவாள். மூத்தவன் விஷயம் வேறு. எபிரேயத்தில் 22 எழுத்து, வலமிருந்து இடம், உயிர்க்குறிகள் இல்லாமல்தான் புத்தகம் அச்சிடுகிறார்கள். அதிலேயே வரலாறும் இலக்கியமும் படித்துப் பக்ருத் என்ற பள்ளி இறுதித் தேர்வை நோக்கிப் போவது பதின்மூன்று வயதில் வந்து சேருகிற பிள்ளைக்குப் பாரம். இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் ஆங்கில வழிப் பள்ளியைப் பாருங்கள். யாஃபோவில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தபீதா பள்ளி, எருசலேமில் ஆங்கிலிக்கன் சர்வதேசப் பள்ளி, ஈவன் யெஹுதாவில் அமெரிக்க சர்வதேசப் பள்ளி ஆகியவை உண்டு. கட்டணம் கனமானது. சம்பளப் பேச்சின்போதே நிறுவனம் பங்கு தருமா என்று கேட்டால்தான் கட்டுப்படியாகும். வேலை கிடைத்த ஊரிலிருந்து தினம் போய்வரும் தொலைவா என்பதையும் பாருங்கள்.

பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அதன் பிறகு மாலை வரை பிள்ளையை வைத்துக்கொள்ளும் ட்சஹரோனுக்குத் தனிக் கட்டணம். தமிழை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். திரும்பி வந்து சேரும்போது பிள்ளை அங்கேதான் தடுமாறும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை வாரம் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

"மிக்சி, கிரைண்டர் கொண்டுபோகலாமா? இட்லிக்கு அங்க அரிசி உளுந்து கிடைக்குமா?"
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

கொண்டுபோங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மின்மாற்றி வேண்டாம், மிக்சியும் சிறிய மேசைக் கிரைண்டரும் அப்படியே ஓடும். பிளக் மட்டும் சேராது. நம் மூன்று முள் பிளக்கின் அமைப்பு வேறு, அவர்களுடையது வேறு. நில இணைப்பு உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பெரும்பாலும் அப்படியே நுழையும். ஒரு சாக்கெட்டிலிருந்து நீளும் பல்முனைப் பெட்டியில் கிரைண்டரையும் ஹீட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள். குக்கருக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு பாதுகாப்பு வால்வு உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள். நம் கம்பெனி அளவு அங்கே கிடைக்காது.

பாஸ்மதி எல்லாக் கடையிலும் உண்டு. இட்லிக்கு உருண்டையான குட்டை அரிசி வாங்குங்கள், பாஸ்மதி வாசனை இல்லாமல் நன்றாக அரைபடும். உளுந்து, துவரை, பெருங்காயம், கடுகுக்கு இந்தியக் கடைதான். மகாராஷ்டிரத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் போய்க் குடியேறிய யூதக் குடும்பங்கள் இருப்பதால் ரம்லா, லோத், அஷ்தோத், பீர்ஷேவா, திமோனா பக்கம் இந்தியப் பலசரக்கு கிடைக்கும். மாதம் ஒரு முறை போய் மொத்தமாக வாங்கிவருவது வழக்கம். மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை, ரவை, வெண்டைக்காய், கொத்தமல்லி எங்கும் உண்டு. புளி அரபுச் சந்தைகளில் கிடைக்கும். நம் நல்லெண்ணெய் கிடைக்காது. கடையில் எள்ளெண்ணெய் என்று இருப்பது வறுத்த எள்ளில் எடுத்த சீன வகை, தோசைக்கு ஆகாது. பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டியது அதற்கும் உங்கள் ஊர் அப்பளத்துக்கும்தான். அப்பளத்தை எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் நொறுங்காது. கறிவேப்பிலைக் கன்று, விதை, பச்சைக் காய்கறி, இறைச்சி எடுத்துப்போகாதீர்கள், விமான நிலையத்தில் பறிமுதல் ஆகும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாவு பொங்காது. அடுப்பைப் பற்றவைக்காமல் ஓவனின் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே மாவை 12 மணி நேரம் வையுங்கள். பொங்கிவிடும்.

வெள்ளி மதியத்துக்குள் வாரச் சாமான் வாங்கி முடியுங்கள். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஷபாத். கடைகள் அடைப்பு, பெரும்பாலான ஊர்களில் பேருந்தும் ரயிலும் கிடையாது. ஹைஃபாவில் சில பேருந்துகள் ஓடும்.

"சாஃப்ட்வேர் வேலை. முதல் மாசம் ஆபீஸில் எதில் கவனமா இருக்கணும்?"
- வாசகர், சங்கரன்கோவில்

வேலை வாரம் ஞாயிறு காலையில் தொடங்கி வியாழனில் முடியும். முழுநேரம் என்றால் வாரம் 42 மணி நேரம்.

சேர்ந்த அன்றே 101 என்ற படிவத்தைக் கேட்டு நிரப்புங்கள். அதை வைத்துத்தான் வருமான வரி பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் உச்ச விகிதத்தில் பிடித்தம் ஆகும். ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகத் தர வேண்டும், அங்கே வரியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. சேர்ந்த 30 நாளுக்குள் வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. ஊரில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மாதச் சம்பளச் சீட்டுக்குத் த்லூஷ் என்று பெயர். முழுக்க எபிரேயம். முதல் சீட்டை எச்.ஆர். ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகக் கேட்டுக் குறித்துவையுங்கள். மொத்தம், கைக்கு வருவது, வரி, தேசியக் காப்பீடு, மீதமுள்ள விடுப்பு, மீதமுள்ள நோய்விடுப்பு ஆகிய ஆறும் தெரிந்தால் போதும். சட்டப்படி ஓய்வூதியத்துக்கு ஊழியர் பங்கு 6 சதவீதம், முதலாளி பங்கு 6.5, பணிமுடிவுத் தொகைக்கு முதலாளி இன்னும் 6. ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குபவர் பொதுவாக ஊழியர் கணக்கில் வருவதில்லை. ஆகவே இவையெல்லாம் அவருக்கு இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஐந்து நாள் வேலைக்காரருக்கு முதல் ஐந்து வருடம் சட்டப்படி குறைந்தது 12 வேலைநாள் விடுப்பு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும், காலண்டரில் முன்கூட்டியே குறியுங்கள். நோய்விடுப்பில் முதல் நாளுக்குச் சம்பளம் இல்லை, இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பாதி, நான்காம் நாளிலிருந்து முழுது. பல நிறுவனங்கள் முதல் நாளிலிருந்தே தருகின்றன, ஒப்பந்தத்தில் பாருங்கள்.

மருத்துவக் காப்பீட்டை உங்களுக்கு நிறுவனம் எடுக்க வேண்டும். மனைவி பிள்ளைகளுக்கு அது தானாக வராது. அங்குள்ள நான்கு பொது மருத்துவ நிதியங்களும் நிரந்தரவாசிகளுக்கானவை. குடும்பத்துக்குத் தனியார் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய், பேறுகாலம், பல் மூன்றும் சேருமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஊரில் பல் வைத்தியத்தை முடித்துக்கொண்டே கிளம்புங்கள்.

உங்கள் பெயரை எபிரேயத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். விசா அலுவலகம் எழுதியதையே வங்கி, காப்பீடு, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் எழுதச் சொல்லுங்கள். மேலாளரை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் நேருக்கு நேர் மறுத்துப் பேசுவார்கள். அதில் பகை கிடையாது, நீங்களும் தயங்காமல் சொல்லலாம். உடன் வேலை செய்பவர் படைத்துறை ரிசர்வ் பணிக்கு வாரக்கணக்கில் போய்விடுவதும் உண்டு. அவர் கையில் இருக்கும் வேலையை எழுதி வாங்கி வைப்பது நல்லது.

ஊரில் செய்ய வேண்டியது: சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறப்பது, ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங் போடுவது. வீடு, நிலம் பார்க்கும் ஆளுக்கு அதிகாரப் பத்திரத்தை இங்கேயே பதிவது. அங்கே போய்த் தூதரகம் வழியாகச் செய்தால் வேலையும் செலவும் இரட்டிப்பு.

"அண்ணன் குவைத்தில் இருக்கார். என் பாஸ்போர்ட்டில் இஸ்ரேல் விசா ஒட்டினா அங்க போக முடியாதா?"
- வாசகர், மேலப்பாளையம்

இஸ்ரேல் விமான நிலையத்தில் இப்போது முத்திரை குத்தாமல் தனிச் சீட்டுத் தருகிறார்கள். ஆனால் வேலை விசா பாஸ்போர்ட் பக்கத்திலேயே ஒட்டப்படும். குவைத், லெபனான், சிரியா, ஈரான், ஏமன் நாடுகளில் அதைக் காரணம் காட்டி நுழைவை மறுக்கலாம். அமீரகமும் பஹ்ரைனும் 2020-ல் இஸ்ரேலோடு உறவு ஏற்படுத்திக்கொண்டவை, அங்கே சிக்கல் இல்லை. அண்ணனைத் துபாயில் சந்தித்துக்கொள்ளுங்கள்.

"மருமகளும் பேரப்பிள்ளைகளும் மகன்கூடப் போறாங்க. டி.வி.யில் சைரன் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. அனுப்பலாமாய்யா?"
- வாசகி, வள்ளியூர்

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. 2023 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் நடந்ததை உலகமே பார்த்தது. இரண்டு முறையும் இந்திய அரசு ஆபரேஷன் அஜய், ஆபரேஷன் சிந்து என்று தனி விமானங்களில் நம் ஆட்களை அழைத்து வந்தது. பயணச்சீட்டு எடுக்கும் முன்னும், கிளம்பும் வாரத்திலும் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போக வேண்டாம் என்று அது சொல்லும் நேரத்தில் குடும்பம் கிளம்பக் கூடாது. மகனின் வேலைத் தேதியைவிட அதுதான் முக்கியம்.

போன அன்றே மூன்று வேலை. தெல் அவீவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் குடும்பம் முழுவதையும் பதிவது. உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் எச்சரிக்கைச் செயலியை ஆங்கிலத்தில் செல்போனில் வைப்பது. பாதுகாப்பு அறையில் தண்ணீர், டார்ச், பிள்ளைக்கு வேண்டிய மருந்து, பாஸ்போர்ட் நகல் வைப்பது. சைரனுக்குப் பிறகு உள்ளே போக எவ்வளவு நேரம் என்பது ஊருக்கு ஊர் மாறும். காஸா எல்லையை ஒட்டி 15 நொடி, தெல் அவீவ் பக்கம் 90 நொடி. பிள்ளைகளோடு ஒரு முறை கடிகாரம் வைத்துப் பழகட்டும். ஆம்புலன்ஸுக்கு 101, காவல்துறைக்கு 100, தீயணைப்புக்கு 102.

சைரன் சமயத்தில் செல்போன் இணைப்பு நெரிசலாகி, நீங்கள் கூப்பிட்டால் எடுக்காமல் போகலாம். "உள்ளே இருக்கோம்" என்று ஒரு வரி குறுஞ்செய்தி அனுப்புவது என்று முன்பே பேசி வையுங்கள். மற்ற நாளில் பேச நல்ல நேரம் வெள்ளி சாயங்காலம். அங்கே எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். குளிர்காலத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் பேரப்பிள்ளைகள் விளையாடிவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள்.